வண்ணாரப்பேட்டை ஆபீஸ்ல நெல்லிக்காய் தந்த அக்காவுக்கு

செவ்வாக்கிழமை இன்டர்வியூக்கு வந்து வராண்டாவுல பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்த பச்ச சுடிதார் நாந்தாங்க்கா. பயத்துல எச்சியே ஊறாம நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு, என் பேர சொல்லிப் பாத்தாலே பாதிதான் வருது, தைரியத்துக்குன்னு ரெண்டு காபி வேற குடிச்சுத் தொலைச்சிருந்தேன், அது இன்னும் காய வச்சிட்டு.

நான் ஒண்ணும் கேக்கல. நீங்களாவே வாரியல சாத்தி வச்சிட்டு வந்து, முந்தி முடிச்ச அவுத்து ஒரு நெல்லிக்கா எடுத்து, "கடவாயில அடக்கிக்கோ தாயி, புளிப்புக்கு எச்சி ஊறும், தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிக்காத, வாய மட்டும் நனைச்சுக்கோ"ன்னு சொன்னியளே. அப்புறம் குடிச்ச தண்ணி என்னா இனிப்பு!

உள்ள ஒரு கேள்வில திக்கிட்டேன், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு பதில் சொன்னேன், யாரும் ஒண்ணும் நினைக்கல. வெளிய வந்தா உங்கள காணோம், மாடி கூட்டப் போயிட்டியளாம். ரிசல்ட் இன்னும் வரலக்கா, எப்படினாலும் கால் கிலோ அல்வாவோட வாரேன்.