பன்னீர்செல்வம் ஏறிய விமானம்

ஆசிரியருக்கு,

சர் ஏ.டி. பன்னீர்செல்வம் பற்றி எழுதுவோர் அவர் முடிவை 'ஓமன் கடலில் விமான விபத்து' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பொறுப்பேற்க லண்டனுக்குப் புறப்பட்ட நீதிக்கட்சித் தலைவர் ஏறிய 'ஹானிபல்', சாதாரண விமானமல்ல.

பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸுக்காக ஹேண்ட்லி பேஜ் கம்பெனி கட்டிய எச்.பி.42 வகையில் முதலாவது அது. 1930 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள், ஏறக்குறைய 40 மீட்டர் அகலம். நான்கு ஜூபிட்டர் என்ஜின்களில் இரண்டு மேல் இறக்கையில், இரண்டு கீழே. உள்ளே ரயிலின் முதல் வகுப்புப் பெட்டி போன்ற சொகுசு. வேகம்தான் மணிக்கு 160 கிலோமீட்டர்! 1931 ஆகஸ்டில் கென்ட் வயல்வெளியில் அவசரமாக இறங்கி அடிபட்டது. பழுது நீக்கி மறுபடி ஓட்டினார்கள். போர் மூளும்வரை இந்த வகை விமானங்களில் பயணி ஒருவர்கூட இறந்ததில்லை என்பார்கள்.

1940 மார்ச் 1 அன்று ஈரானின் ஜாஸ்கிலிருந்து ஷார்ஜாவுக்குப் போகும் வழியில் எட்டுப் பேருடன் ஹானிபல் காணாமல் போனது. காரணம் இன்றுவரை தெரியாது. அடுத்த முறை பன்னீர்செல்வம் பற்றிக் கட்டுரை போடும்போது, இந்த விமானத்தின் படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்