இன்ஜின் மாற்றிய ஆம்னியில் பெட்ரோல் கசிவு – புகார்

அனுப்புநர்:
ஆம்னி உரிமையாளர், பூ வியாபாரி,
நிலக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கசிவு சோதிக்காமலே ‘சரி’ என்று டிக் போட்டு வண்டியை டெலிவரி கொடுத்தது தொடர்பாக.

ஐயா,

என்னுடைய எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) மாருதி ஆம்னி வேன் ஆயில் குடிக்க ஆரம்பித்ததால், உங்கள் மதுரைக் கிளையில் ரீகண்டிஷன் இன்ஜின் போடச் சொல்லி விட்டேன். அதே 796 சிசி, அதே மாடல். பேசிய தொகை 46,000 ரூபாய், முழுதும் கட்டிவிட்டேன். சென்ற மாதம் 9ஆம் தேதி சாயங்காலம் வண்டியை எடுத்தேன். இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் விடியற்காலை மல்லிகை மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கிளம்பினேன். வாடிப்பட்டி தாண்டும்போது பெட்ரோல் வாடை. முன்னால் போன லாரி என்று நினைத்தேன். லாரி விலகிப் போயும் வாடை போகவில்லை. ஓரம் கட்டி, சாவியை அணைத்து, டிரைவர் சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் ஹோஸ், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துவிடும் குழாயான ரெயிலில் சேரும் இடம் நனைந்து, அடியில் கியர்பாக்ஸ் மேல் வழிந்திருந்தது. அந்தச் சூட்டின் மேல் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். திரும்பச் சாவி போட எனக்குத் தைரியம் வரவில்லை.

வேறு வண்டி பிடித்துப் பூவைக் கொண்டுபோனால், கமிஷன் கடையில் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, பூவை பங்க்ல வாங்குனீங்களா?" என்றார்கள். 38 கிலோவும் அடிமாட்டு விலைக்குப் போனது.

உங்கள் கிளை மேலாளருக்குப் போன் செய்தேன். "இன்ஜின் மாத்துனா ரெண்டு நாள் வாசனை வரத்தான்ணே செய்யும்" என்றார். மேலே பட்ட ஆயில், கிரீஸ் கருகினால் வாசனை வரும், ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் வாடை எத்தனை நாளானாலும் வரக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம்; தரையோடு தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

வண்டியை டோ செய்து எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் விட்டேன். இன்ஜின் ஆறிய பிறகு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினார். டேங்கில் பம்பு இரண்டு வினாடி ‘ம்ம்’ என்றது. துடைத்து வைத்திருந்த ஹோஸ் முனையில் பொட்டு மாதிரி ஒரு துளி திரண்டது. மறுபடி சாவி, மறுபடி பம்பு. துளி உருண்டு விழுந்தது. கிளிப்பைக் கழற்றினால் அடியில் பழைய சேறு. ரப்பர் முனையில் நீளவாக்கில் வெடிப்பு. பழைய கிளிப் தடத்திலேயே கிளிப்பை வைத்து, ரப்பரை அறுக்கும் அளவுக்கு முறுக்கியிருக்கிறார்கள். பில்லில் ‘பெட்ரோல் ஹோஸ், புதியது – 480’ என்று இருக்கிறது!

கார்பரேட்டர் வண்டி என்றால் அழுத்தம் சொற்பம், பழைய ஹோஸும் சில நாள் தாக்குப்பிடிக்கும். எம்பிஎஃப்ஐயில் அழுத்தம் சுமார் 3 பார் (bar), டயரில் அடிக்கும் காற்றை விட அதிகம். போதாததற்கு இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய ரப்பருக்கு அது ஆகாது. இன்ஜினை இறக்கினால் ஹோஸ், ஓ-ரிங் (கசிவு தடுக்கும் ரப்பர் வளையம்), கிளிப் மூன்றையும் புதிதாகப் போடுவதும், சாவியை இரண்டு மூன்று முறை ‘ஆன்’ செய்து ஒவ்வொரு ஜாயின்டையும் டார்ச் அடித்துப் பார்ப்பதும், ஒரு ஓட்டம் ஓட்டி வந்து சூட்டோடு இன்னொரு முறை பார்ப்பதும் எங்கள் ஊர் புளியமரத்தடிப் பட்டறையில்கூட நடக்கிறது.

உங்கள் ஜாப் கார்டில் ‘பெட்ரோல் கசிவு சோதனை’ என்ற வரிக்கு நேரே டிக் இருக்கிறது. அதற்கு மேலே பன்னிரண்டு, கீழே எட்டு வரிக்கும் டிக். உற்றுப் பார்த்தால் தனித்தனி டிக் இல்லை. பேனாவை எடுக்காமல் மேலிருந்து கீழே இழுத்த ஒரே நெளிகோடு. எனக்கு இன்ஜினை விட, ஹோஸை விட, அந்தக் கோட்டின் மேல்தான் கோபம்.

என் முன்னிலையில் பிரஷர் கேஜ் வைத்துச் சோதித்து, அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஹோஸ் காசு 480, டோ மற்றும் மெக்கானிக் கூலி 2,150, பூவில் நட்டம் 9,500, ஆக 12,130 ரூபாய் திருப்பித் தர வேண்டும். ஆர்சி புத்தகத்தில் புது இன்ஜின் நம்பர் ஏற்ற ஆர்டிஓ ஆபீசில் கேட்கும் இன்ஜின் பில்லையும் இன்னும் தரவில்லை; அது இல்லாமல் நாளை இன்சூரன்ஸ் கிளெய்ம் வந்தால் நான்தான் மாட்டுவேன்.

15 நாள் பார்ப்பேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வியாபார வண்டி என்று தட்டிக்கழிக்க வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவனும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

இணைப்பு: பில், ஜாப் கார்டு நகல், போட்டோ 6.

பி.கு.: வெடித்த ஹோஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கொண்டுவந்து காட்டுவேன், கையில் தரமாட்டேன்.