ரெஃபரல் பட்டியலில் இல்லாதவர்களுக்காக

பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாக இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்து வருகிறேன். "எங்களுக்குத் தகுதிதான் முக்கியம், பன்முகத்தன்மை எல்லாம் அப்புறம்" என்று நீங்கள் மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வரும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரி, ப்ளஸ் டூ வரை தமிழ்வழி. 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்றதும் அந்தப் பெண்ணுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மார்க்கரைக் கையில் கொடுத்தேன். நாங்கள் வைத்த ப்ரோகிராம் கோடில் ஒரே ஆர்டர் இரண்டு முறை எண்ணப்படும் இடத்தை நாலே நிமிடத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். அன்று காலையிலிருந்து வந்த ஆறு பேர் கண்ணில் அது படவே இல்லை. சாயங்காலம் படிவத்தில் ஏறியது: 'கம்யூனிகேஷன் போதாது, டீமுக்கு செட் ஆகமாட்டார்.' அந்த வேலை எங்கள் டீமில் ஒருவருடைய கல்லூரி நண்பருக்குப் போனது. படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

ரெஃபரல் என்பது இதுதான். தெரிந்தவர் தெரிந்தவரைக் கூட்டி வருகிறார். கூடவே அதே கல்லூரி, அதே தெரு, வாய்விட்டுச் சொல்லாத அதே சாதி. கூட்டி வந்தவருக்கு போனஸ் வேறு.

பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் படித்திருப்பீர்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே படிப்பும் அனுபவமும் உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இதில் தகுதி எங்கே வந்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்வையற்ற நண்பர் ஒருவர் எங்கள் டெஸ்டிங் டீமில் சேர்ந்த முதல் வாரம், பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றே படித்துக்கொண்டு போனது. எது 'செலுத்து', எது 'ரத்து செய்' என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பட்டனுக்கும் நாங்கள் பெயர் வைக்கவில்லை. இரண்டு வருடம் தினமும் பார்த்த பக்கம் அது. எங்கள் எல்லோருக்கும் கண் தெரியும், அதனால் யாருக்கும் தோன்றவில்லை.

கிளையன்ட்டிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆறு மாதப் பயிற்சியில் அது வந்துவிடும். வந்து சேரும் ஃப்ரெஷர் யாரும் முதல் மாதமே தனியாக கிளையன்ட்டிடம் பேச உட்காருவதில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் கண் அவ்வளவு சுலபத்தில் வராது.

முதல் சுற்றில் பெயர், ஊர், கல்லூரி மூன்றையும் மறைத்துவிடுங்கள். ப்ரோகிராம் கோடைத் தமிழில் விளக்கலாம் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். 'செட் ஆகமாட்டார்' என்பதை நிராகரிக்கும் காரணமாக ஏற்காதீர்கள். அடுத்த கேம்பஸ் பட்டியலில் கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம் கல்லூரிகளையும் சேருங்கள். பேனலுக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், சனி ஞாயிறானாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் பேனல்களில் ஒருவன்