ஜாடி இருந்த இடத்தில் ஒரு வட்டம்

வேலூர்
நவம்பர் 2025

அன்புள்ள பாபு,

எழுதி எட்டு மாதம் ஆகிறது, உன் போனையும் இரண்டு தடவை எடுக்கவில்லை. கோபம் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள், பொங்கலுக்கு வரும்போது மொத்தமாகத் திட்டிவிடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி, டிவிஎஸ் ஃபிஃப்டி இன்னும் ஓடுகிறது, நாயுடு இன்னும் அந்த 340 ரூபாயைத் தரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கடை கடையாக மிட்டாய் போடுகிற இந்த லைனை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். சிரிக்காதே.

போன மாதம் காட்பாடி ஸ்டேஷன் பக்கம் நம்ம பாய் கடைக்குப் போனேன். ஐந்து ஜாடியையும் துடைத்து ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார். "எடுத்துட்டுப் போயிடு தம்பி, சும்மா இடத்தை அடைக்குது." கல்லா மேசையில் ஜாடி இருபது வருஷம் உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம், சுற்றிலும் அழுக்கேறிக் கறுத்த மரம், அந்த வட்டம் மட்டும் வெளுப்பு. அதற்கு நட்ட நடுவில் ஜிபே அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறார். பார்த்ததும் எனக்கு வயிற்றை என்னமோ செய்தது.

பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆற்காடு என்று நாம் அலைந்ததெல்லாம் நம் வாய் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, பாதி மிட்டாயைச் சில்லறைத் தட்டுப்பாடுதான்டா விற்றுக் கொடுத்தது. ஒன்றரை ரூபாய் பாக்கிக்கு மூன்று மிட்டாய், கேட்காமலே கையில் வைத்துவிடுவார்கள், வாங்குகிறவன் முணுமுணுத்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வான். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நாலணா செல்லாது என்று ஆனபோதே நாம் யோசித்திருக்க வேண்டும். அப்போது ஒரு ரூபாய் மிட்டாய் வந்து காப்பாற்றியது. இப்போது 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 37 ரூபாய்தான் போகிறது, மீதி என்ற பேச்சே இல்லை. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம்ம ஊரைச் சொல்வார்களே, அதோடு மிட்டாய் இல்லாத பெட்டிக்கடையையும் சேர்த்துக்கொள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2015-ல் பல்ஸ் வந்தது ஞாபகம் இருக்கிறதா? மற்ற மிட்டாய் பெரும்பாலும் எட்டணா, அது ஒரு ரூபாய். பெரிதாக விளம்பரமும் கிடையாது. நடுவில் அந்த உப்புப் புளிப்புப் பொடி நாக்கில் பட்டதும் பையன்கள் ஆளுக்கு ஆள் சொல்லியே எட்டு மாதத்தில் 100 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். நாம் கேட்ட அளவுக்குச் சரக்கு கிடைக்காமல் நீ குடோனில் சண்டை போட்டாய், மறந்திருக்க மாட்டாய்.

பெரிய கம்பெனிக்காரன் கல்லாவை நம்பி உட்காரவில்லை. தொண்ணூறுகளில் டெய்ரி மில்க் விளம்பரத்தில் ஒரு பெண் கிரிக்கெட் மைதானத்துக்குள் ஓடி ஆடினாளே, உன் அண்ணன் டிவி முன்னால் வாய் பிளந்து நின்றானே, அது வரைக்கும் சாக்லேட் என்றால் குழந்தைக்கு வாங்குவதுதான். பெரியவன் தின்றால் வெட்கம். அந்த வெட்கத்தை முதலில் கழற்றினான், அப்புறம் மெதுவாக லட்டு டப்பாவின் இடத்துக்கு வந்தான். இன்றைக்குத் தீபாவளிக்கு ஆபீஸில் கொடுப்பது பாதி ஊதா டப்பா. நம்ம பக்கத்திலேயே சித்தூரில் நியூட்ரின் மிட்டாய்க் கம்பெனி இருந்தது (1911 வரை சித்தூரும் வட ஆற்காடுதான், அந்த உரிமையில் சொல்கிறேன்), நெல்லிக்குப்பத்தில் பாரிஸ் கம்பெனி இருந்தது, காபியா டாபியா என்று நாம் அடித்துக்கொண்ட காபி பைட் அவர்களுடையது. இரண்டும் கை மாறிவிட்டன, பாரிஸை 2004-ல் லோட்டே வாங்கியது, நியூட்ரினை 2006-ல் கோத்ரெஜ். வாய்க்கு ருசியாக இருந்தால் போதும் என்று நாம் நினைத்தோம், டெய்ரி மில்க்காரன் எந்த நாளைக்கு வாங்குவார்கள் என்று யோசித்தான்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு எங்கிருந்து என்று கேட்பாய். எல்லாம் என் பொண்ணு சுதா. படிப்பை முடித்துவிட்டு வீட்டிலேயே சாக்லேட் செய்கிறாள், தீபாவளிக்கு 160 டப்பா விற்றாள். ஜப்பானில் கிட்கேட்டின் பேர் "கிட்டோ கட்ஸு", கண்டிப்பாக ஜெயிப்பாய் என்பது மாதிரி காதில் விழுகிறதாம், அதனால் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறார்களாம். அதே மாதிரி இங்கே பிளஸ் டூ பரீட்சைக்கு ஒரு டப்பா போடப் போகிறாள். நம்ம ஆற்காட்டு இனிப்பு மக்கன் பேடா வாசனையில் ஒன்று செய்தாள். ஆற்காட்டு நவாப் எழுந்து வந்து அடிப்பார் என்றேன். ஆனால் நன்றாகத்தான் இருந்தது, இதை அவளிடம் சொல்லிவிடாதே.

இப்போது 84,000 ரூபாய் கேட்கிறாள். 2,000 டப்பா, அச்சடித்து, தங்க எழுத்து வைத்து, ஒன்று 42 ரூபாய். உள்ளே போகிற சரக்கு 38 ரூபாய். டப்பாவைத் தின்பார்களா என்று கத்தினேன். "டப்பாவைத்தான்ப்பா வாங்குறாங்க" என்றாள். பாய் கடை வட்டம் ஞாபகத்துக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். பணம் கொடுத்துவிடுவேன் என்று வை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த 38 ரூபாய்ச் சரக்கு காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. அவள் சொல்கிற காரணம் பொய் இல்லை. கோகோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே இளகிவிடும், நம்ம ஊர் மே மாதம் உனக்குத் தெரியும். போன மே மாதம் எனக்கு வந்த ஒரு பெரிய கம்பெனியின் பார்கள் வேனிலேயே உருகி, இரவில் திரும்ப இறுகி, மேலே வெள்ளை பூத்துவிட்டது. கொழுப்பு மேலே வருவதுதான், பூஞ்சை இல்லை. கடைக்காரர்கள் கேட்பார்களா? மூஞ்சியில் வீசாத குறை. கம்பெனி கிளெயிம் தரவில்லை, 11,000 ரூபாய் என் தலையில். அதோடு 2024-ல் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியது, ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் படுத்ததால். நிஜச் சரக்கு வாங்கினால் டப்பாவை 250-க்குக் கொடுக்க முடியாது. எல்லாம் சரி. ஆனால் தங்க எழுத்தில் "அசல் சாக்லேட்" என்று போடுகிறாளே! காம்பவுண்ட் என்றே அச்சடி, வெயிலில் சீக்கிரம் உருகாது என்று அதையே பெருமையாகச் சொல், வேலூர்க்காரன் வாங்குவான் என்கிறேன். "அப்படிப் போட்டா கிஃப்ட்டுக்கு யாரு வாங்குவா?" என்கிறாள். நாலு நாளாக இதே சண்டை. இவள் அம்மா என்னோடு பேசுவதில்லை, அதுவும் பொண்ணு பக்கம்.

நாம் மட்டும் என்ன யோக்கியமா, பழைய ஸ்டாக்கைப் புது டப்பாவில் மாற்றிப் போட்டவர்கள்தானே என்று நீ கேட்பாய். அதனால்தான் என்னால் அவளிடம் அழுத்திச் சொல்ல முடியவில்லை பாபு.

ஓசூர் பஸ்ஸில் இரண்டு டப்பா போட்டு விடுகிறேன். ஒன்றில் நிஜச் சரக்கு, ஒன்றில் காம்பவுண்ட், எது எது என்று எழுதவில்லை. நீ மட்டும் தின்று தீர்ப்பு சொல்லாதே, உன் நாக்கு பீடியில் செத்து வருஷமாகிறது. உன் பேக்கரிக்கு வருகிறவர்களில் ஒரு இருபது பேருக்குக் கொடுத்துக் கேள். எந்த டப்பா பிடித்தது, தெரிந்தால் எவ்வளவு கொடுப்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் சுதாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல், நான் சொன்னால் ஏறாது. டப்பா அச்சுக்கு இருபதாம் தேதிக்குள் ஆர்டர் கொடுக்க வேண்டுமாம்.

பாய் கடை ஜாடிகளை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். ஒன்றில் அம்மா புளி போட்டு வைத்திருக்கிறாள்.

உன்
குமார்