ஸ்கூல் பக்கத்துல பெட்டிக்கடை வச்சிருக்க அண்ணாச்சிமாருக்கு

அண்ணாச்சி, வணக்கம். நான் பத்தாங்கிளாஸ் டீச்சர். எந்த ஸ்கூல்னு சொல்லல, ஏன்னா இது ஒரு கடைக்கு மட்டும் எழுதுற மடல் இல்ல.

போன மாசம் ஒரு பையன எழுப்பி கேள்வி கேட்டேன். நல்லா படிக்கிறவன், பதில் தெரியும்னு மூஞ்சிலயே இருக்கு, ஆனா வாயத் திறக்கவே மாட்டேங்குறான். கிட்ட போய் பாத்தா கீழ் உதடு ஒரு பக்கம் புடைச்சிருக்கு, உள்ள புகையிலைப் பாக்கெட்டு. டெஸ்க்குக்கு அடியில கைய விட்டேன், அடக்கிட்டு ஒட்டி வச்சது காஞ்சு போயி ஏழெட்டு கெடந்துச்சு. எங்கடா வாங்குனன்னு கேட்டா "பேனா வாங்குற கடையிலதான் மிஸ்"ங்குறான்.

அடிக்கல, உக்கார வச்சு பேசுனேன். எட்டாவதுல ஒத்த சிகரெட்டு, அத மூணு பேரு மாத்தி மாத்தி இழுத்திருக்கானுங்க, நாத்தம் தெரியாம இருக்க மின்ட் மிட்டாயும் அதே கடையில. ஒம்பதாவதுல கோயில் கொடைக்கு சொந்தக்கார அண்ணன் ஊத்திக் குடுத்த பீரு. இப்ப ஒரு பெரிய பையன் வலி மாத்திரையக் காட்டி இது அதவிட சூப்பரா இருக்கும்டாங்குறானாம். இவன் இன்னும் போடல. அந்த "இன்னும்"தான் அண்ணாச்சி என்னைத் தூங்க விடல.

ஒரு சிகரெட்டுல என்ன டீச்சர் ஆயிரப்போவுதுன்னு கேப்பீங்க. பீடி குடிச்ச எல்லாரும் கஞ்சாவுக்குப் போறதில்ல, எங்க தாத்தாவும் சாகுற வரைக்கும் பீடி குடிச்சவருதான். ஆனா இந்த வயசுல மூளை இன்னும் வளந்து முடியல, வேண்டாம்னு நம்மளப் புடிச்சு நிறுத்துற பாகம் முழுசா வளர 25 வயசு கிட்ட ஆயிடுது, அதுக்குள்ள புகையிலையில இருக்குற நிக்கோட்டின்ங்குற போதைச் சத்து போய் உக்காந்தா போதைக்கு வழி போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல காண்டெல்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே விஞ்ஞானிங்க, அவங்க குழு 2011ல எலிக்கு ஒரு வாரம் நிக்கோட்டின் குடுத்துட்டு அப்புறம் கொக்கைன்ங்குற போதைப்பொருளக் குடுத்துப் பாத்துச்சு, கொக்கைனோட பாதிப்பு கூடுதலா இருந்துச்சு, வரிசைய மாத்தி குடுத்தப்போ அப்படி ஆகல. குடியும் அப்படித்தான், 1997ல அங்க வந்த ஒரு பெரிய ஆய்வுல 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்க, 21க்கு மேல ஆரம்பிச்சவங்களவிட சுமார் 4 மடங்கு அதிகமா குடிக்கு அடிமையாகியிருந்தாங்க.

2003 புகையிலைச் சட்டப்படி 18க்கு கீழ உள்ளவங்களுக்கு விக்கக்கூடாது, ஸ்கூலச் சுத்தி 100 கஜத்துக்குள்ள யாருக்குமே விக்கக்கூடாது. ஃபைன் 200 ரூபா வரைக்கும்தான், அதான் யாருக்கும் பயமில்ல. ஆனா 2015 சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவுல பிள்ளைங்களுக்கு சாராயமோ புகையிலையோ குடுத்தா 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரைக்கும் அபராதம். மிரட்டுறதுக்காகச் சொல்லல அண்ணாச்சி, உங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

வாடகை, கரண்டு பில்லு, உங்க கஷ்டம் எனக்கும் தெரியும். பேனா, நோட்டு, கடலை மிட்டாய், தேன் மிட்டாய்னு எங்க பிள்ளைங்க காசு உங்ககிட்டதான் வருது, இனியும் வரும். யூனிஃபார்ம் போட்டவன் "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு"ன்னு நின்னா, அப்பாவையே வரச் சொல்லுப்பான்னு திருப்பி அனுப்புங்க. அடிக்கடி வந்து கேக்குறவனத் திட்டாம, அவன் பேர பக்கத்து ஸ்கூல் டீச்சருங்ககிட்ட வந்து சொல்லுங்க, நாங்க அவன் அம்மாகிட்டப் பேசிக்கிறோம். கடை ஓரத்துல பத்த வைக்க ஒரு கயிறு எரிஞ்சிக்கிட்டே தொங்குதே, எங்க ஆறாவது பிள்ளைங்க கண்ணுக்கு நேரா, அத நாளைக்கே அவுத்துருங்க அண்ணாச்சி.