பெட்டி மூடியில் எழுதிய பெயர்

அன்புள்ள நித்யாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர. "மூன்று யூனிவர்சிட்டியில் படித்தீர்களா?" என்று நீ விண்ணப்பம் போட்ட இடத்தில் உன்னைக் கேட்டார்களாம், அம்மா சொன்னாள். உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நேற்று பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, உன் மார்க் ஷீட்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. 2009இல் நீ சேர்ந்தபோது அது அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர். சென்னையிலிருந்து பிரித்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 2010இல் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர் ஆனது. 2012இல் கோவை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் மறுபடி சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். நீ என்னவோ நாலு வருஷமும் அதே பஸ்ஸில் அதே காலேஜுக்குத்தான் போய் வந்தாய்.

எனக்கு வேடிக்கையாகப் பட்டது அந்தத் 'தொழில்நுட்ப' என்ற சொல்தான். 1978இல் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், ஏ.சி. டெக் என்ற அழகப்பா செட்டியார் காலேஜ், குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), கட்டடக்கலைப் பள்ளி நாலையும் ஒன்றாக்கி வைத்த பெயர், பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1980இல் எனக்குக் கிண்டியில் இடம் கிடைத்ததும் உன் தாத்தா ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்து, பெட்டி மூடியில் என் பெயரும் ஊரும், அதன் கீழே இந்த முழுப் பெயரும் எழுதச் சொன்னார். மூடி போதவில்லை. 'கழகம்' மட்டும் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் இறங்கிவிட்டது. ஹாஸ்டலில் அதைச் சொல்லியே என்னை ஓட்டினார்கள்.

1982இல் பெயரை அண்ணா பல்கலைக்கழகம் என்று சுருக்கினார்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று பெயிண்டருக்குக் கொடுத்த காசு வீணாயிற்றே என்று தாத்தாவுக்கு ஆதங்கம். அன்றைக்கு நீக்கிய 'தொழில்நுட்ப' என்ற சொல் 28 வருஷம் கழித்து உன் மார்க் ஷீட்டில் வந்து உட்கார்ந்து, ரெண்டே வருஷத்தில் மறுபடி கிளம்பிவிட்டது! கிண்டி காலேஜுக்கு இதெல்லாம் பழக்கம்தான். 1794இல் நிலம் அளக்கக் கற்றுத்தரும் சர்வே பள்ளியாகப் பிறந்து, 1859இல் சிவில் இன்ஜினியரிங் காலேஜாகி, கிண்டிக்கே 1920இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பெயர்ப் பலகை பார்த்திருக்கும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் பட்டத்தில் உள்ளபடி அண்ணா பல்கலைக்கழகம் என்றே எழுது. முந்தைய பெயர் கேட்கும் கட்டம் இருந்தால் மற்ற ரெண்டையும் வருஷத்தோடு போடு. சட்டம் போட்டு இணைத்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள். எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவதில் ஒரு மூலையில் காபிக் கறை இருக்கும், அது உன் வேலை.

பெட்டிக்குப் புது பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறாள் அம்மா. மூடியை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா