தண்ணீரே கேட்காத பயிரா?

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் விதையெண்ணெயை டீசலாக்கும் எரிபொருட் பயிர் பற்றிய கட்டுரையில் ‘காட்டாமணக்குக்குத் தண்ணீரே தேவையில்லை’ என்றொரு வரி கண்டேன். வேலியில் நிற்கிற காட்டாமணக்குக்குத் தேவையில்லைத்தான், அது சாகாது. காய்க்க வேண்டுமென்றால் கேட்கும். கட்டுரையாளர் எந்தத் தோட்டக்காரரிடமாவது விசாரித்திருக்கலாம்.

ஒரு பரப்புக்கு (ஹெக்டேயரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு) ஓர் அங்குலம் தண்ணீர் கட்ட 6,400 லீற்றர். கோடையில் பத்து இறைப்பு என்றால் 64,000. ஹெக்டேயருக்கு 4 தொன் விதை என்று தாராளமாகவே வைப்போம். பரப்புக்கு 100 கிலோ. மெசினில் பிழிந்தால் நாலு கிலோவுக்கு ஒரு லீற்றர், ஆக 25 லீற்றர் எண்ணெய். எண்ணெய் லீற்றர் ஒன்றுக்கு 2,500 லீற்றருக்கு மேல் கிணற்று நீர், மழை சேராமல்! இந்த டீசல் ஒரு லீற்றருக்கு 20,000 லீற்றர் தண்ணீர் என்று 2009இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சொன்னது மழையையும் சேர்த்த கணக்கு. அதை மறுத்தவர்களும் உண்டு. அதனால் அதை நான் தூக்கிப்பிடிக்கவில்லை.

எண்ணெயை டீசலாக்கியபின் கழுவுகிற தண்ணீரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. 100 லீற்றர் எண்ணெய்க்கு 20 லீற்றர் மெதனோல், எரிசோடா போன்ற காரம், 60 பாகைச் சூடு, ஒரு மணித்தியாலம். கிளிசரீன் அடியில் படிந்தபின் இரண்டு மூன்று தரம் கழுவ, எண்ணெயளவு தண்ணீராவது போகும். விதை ஈரத்தில் கிடந்திருந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிச் சவர்க்காரம் கட்டும். கலக்கினால் பரல் முழுக்க மோர் மாதிரித் திரண்டு பிரியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரோ சுண்ணாம்புத் தண்ணீர். அதில் கழுவினால் அந்தச் சவர்க்காரமே பிசினாகி வடிகட்டியை அடைக்கும். மெதனோலும் காரமும் கலந்த கழிவை எங்கே ஊற்றுவது? சுண்ணாம்புக்கல் வெடிப்பால் இறங்கி அடுத்த வளவுக் கிணற்றுக்குத்தான் போகும்.

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, உவரின் மேல் மிதக்கும் நல்ல தண்ணீர், இவையெல்லாம் தாங்கள் அறியாததா? சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்துவிட்டோமா? யூரியாவைக் கொட்டி நைத்திரேற்றை ஏற்றினோம், குளங்களை மூடிக் கடை கட்டினோம். கேட்காமலே எண்ணெய் தந்த இலுப்பைகளையும் தறித்தாயிற்று. இனி வேலிச்செடியையும் பயிராக்கி இறைக்கச் சொல்கிறீர்கள். நல்லது.

திருத்தம் போட இடமில்லாவிட்டால் பரவாயில்லை. இனித் தண்ணீர்க் கணக்குப் போடும்போது மழைநீரா, இறைத்த நீரா என்ற ஒரு சொல்லையாவது தயவுசெய்து சேருங்கள்.

பழைய வாசகன்,
உரும்பிராய்.